சர்வர் இல்லாத நெட்வொர்க் என்று ஒன்று உண்டா?



நெட்வொர்க் பாடத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. சர்வர் உள்ள நெட்வொர்க், சர்வர் இல்லாத நெட்வொர்க், இரண்டையும் வேறுபடுத்துக. தாளின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் "செலவு குறைவு, அமைப்பது எளிது, பாதுகாப்பு குறைவு" என்றும், வலது பக்கம் அதற்கு நேர் எதிராகவும் எழுதினால் மார்க். நானும் எழுதினேன். முழு மார்க்.

அதே கையோடு 2024 மே மாத லீவில் என் மாமாவின் அச்சகத்தில், அந்தக் கோட்டுக்கு இடது பக்கம் இருந்ததை நிஜமாகவே செய்து வைத்தேன். அதற்கு நான் வாங்கிய மார்க் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

மாமாவின் அச்சகம் விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பில் புக், கோயில் திருவிழா நோட்டீஸ், டிசம்பரில் நாட்காட்டி. மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர். டைப் அடித்து டிசைன் செய்ய மூன்று, பில் போட ஒன்று, பிளேட் எடுக்க அனுப்பும் மேசையில் ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. ஃபைல் எல்லாம் பென்டிரைவில் நடந்து போகும். ஒரே பத்திரிகை "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் கடைசி", "இதுதான் ஃபைனல்" என்று நான்கு அவதாரம் எடுத்து நான்கு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும். எது அச்சுக்குப் போக வேண்டியது என்று சொல்ல அங்கே ஒருவரால்தான் முடியும். டைப் அடிக்கும் அக்கா. பதினாலு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறார்.

"மாப்ள, நீ கம்ப்யூட்டர்தான படிக்கிற? இந்த அஞ்சையும் ஒண்ணா சேத்து விட்டுரு. பெருசா செலவு இழுத்து விட்டுறாத" என்றார் மாமா.

கேட்க வேண்டுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டு போர்ட் உள்ள ஸ்விட்ச் ஒன்று, கேபிள் ஒரு கட்டு, முனையில் மாட்டும் கனெக்டர் ஒரு பாக்கெட், ஒரு க்ரிம்பிங் டூல். கேபிளுக்குள் எட்டு வயர் இருக்கும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இந்த வரிசையை இரண்டு முனையிலும் ஒரே மாதிரி பிடித்து, நுனியைச் சமமாக வெட்டி, கனெக்டருக்குள் தள்ளி அழுத்த வேண்டும். முதல் நான்கு கனெக்டர் குப்பைக்குப் போனது. ஐந்தாவதில் ஸ்விட்சின் பச்சை விளக்கு கண் சிமிட்டியதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, செமஸ்டர் ரிசல்ட்டுக்குக் கூட வந்ததில்லை :-)

ஒரு கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். மாமாவின் அச்சகம் வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை முப்பது மீட்டர் கூட வராது. எனவே அந்தக் கவலை இல்லை. பிராட்பேண்ட் ரவுட்டரிலிருந்து ஒரு வயர் ஸ்விட்சுக்கு, ஸ்விட்சிலிருந்து ஐந்து வயர் ஐந்து கம்ப்யூட்டருக்கு. ஐபி முகவரியை ரவுட்டரே கொடுத்துவிடும். எல்லாம் ஒரே ஒர்க்குரூப்பில்.

அடுத்து, ஃபைலை எல்லாம் எங்கே வைப்பது? இங்கேதான் நான் "சர்வர் வேண்டாம்" என்று முடிவெடுத்தேன். ஐந்து கம்ப்யூட்டருக்கு எதற்கு சர்வர்? பத்து வரை தேவையில்லை என்றுதானே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அக்காவின் கம்ப்யூட்டர்தான் இருப்பதிலேயே புதியது, ஹார்டு டிஸ்கும் பெரியது, ஒரு டெராபைட். அதில் "வேலைகள்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதை எல்லோருக்கும் ஷேர் செய்தேன். பாஸ்வேர்டு கேட்டுத் தொல்லை செய்தது. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். மற்ற நான்கு கம்ப்யூட்டரிலும் அந்த ஃபோல்டரை ஒரு டிரைவ் போலத் தெரியும்படி வைத்தேன்.

ஏன் பாஸ்வேர்டை எடுத்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. சர்வர் இல்லாத நெட்வொர்க்கில் யார் யாரை உள்ளே விடுவது என்ற பட்டியலை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக வைத்திருக்கும். ஐந்து பேர் ஐந்து கம்ப்யூட்டரிலும் நுழைய வேண்டுமென்றால் இருபத்தைந்து கணக்கு திறக்க வேண்டும். ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் ஐந்து இடத்தில் மாற்ற வேண்டும். இந்தத் தலைவலிக்காகத்தான் பெரிய அலுவலகங்களில் ஒரே இடத்தில் பட்டியலை வைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2000இல் விண்டோஸ் 2000 சர்வரோடு கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரி செய்வது அதைத்தான். நான் இருபத்தைந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கதவையே கழற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். பெரிய புத்திசாலி!

பென்டிரைவ் நடமாட்டம் அன்றோடு நின்றது. மாமா அன்று மாலை எனக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தார். கல்லூரி திரும்பியதும் நண்பர்களிடம் "ஒரு கம்பெனிக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தேன்" என்று பீற்றிக்கொண்டேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். சர்வர் என்ற ஏற்பாடு ஏன் வந்தது?

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் யோசனையை எழுதி வைத்தபோது, அங்கே இருந்த கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், புதிதாக வந்த லேசர் பிரிண்டரை எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் தேவை. பிறகு மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்தபோது ஹார்டு டிஸ்க் தங்க விலை. 1983இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் இருந்த டிஸ்க் 10 மெகாபைட். மாமா கடையில் ஒரு பத்திரிகை டிசைனே அதைவிடப் பெரிது. ஆளுக்கொரு டிஸ்க் கட்டுப்படியாகாது என்பதால் ஒரு பெரிய டிஸ்கை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து எல்லோரும் பங்கு போட்டார்கள். நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் அதே 1983இல் வந்து அந்தச் சந்தையைப் பிடித்தது அப்படித்தான்.

டிஸ்க் விலை இறங்கியதும் மறுபக்கம் சாய்ந்தது. 1992இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் கொண்டுவந்தது. தனியாக சர்வர் வேண்டாம், உங்கள் மேசையில் இருப்பதையே பக்கத்து மேசைக்குப் பங்கு கொடுக்கலாம். இன்றும் விண்டோஸில் நாம் பார்க்கும் "ஒர்க்குரூப்" என்ற சொல் அந்தக் காலத்துச் சொத்து. 2009இல் விண்டோஸ் 7இல் ஹோம்குரூப் என்று இதையே இன்னும் எளிதாக்கினார்கள். 2018இல் விண்டோஸ் 10இலிருந்து அதை எடுத்தும்விட்டார்கள்.

ஆக, சர்வர் பிறந்தது டிஸ்க் விலையால். அந்தக் காரணம் எப்போதோ போய்விட்டது. பிறகு ஏன் இன்னும் சர்வர்? இந்தக் கேள்விக்கு நான் பரீட்சையில் எழுதாத பதிலை அக்காவின் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தது.

முதல் தகராறு ஒரு வாரத்திலேயே வந்தது. அக்கா ஆறரை மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும். போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவார். பதினாலு வருஷப் பழக்கம். அணைத்தால் மற்ற நான்கு பேருக்கும் "வேலைகள்" காணாமல் போகும். மாமா சத்தம் போட்டார். "ஏம்மா, நெட்வொர்க் போட்டிருக்குன்னு தெரியாதா? எதுக்கு ஆஃப் பண்ற?" எனக்கு போன் வந்தது. நான் அங்கிருந்தே யோசனை சொன்னேன். அக்காவின் மானிட்டரில் ஒரு தாள் ஒட்டினார்கள். "அணைக்கக் கூடாது."

அடுத்து, அவர் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கப் போய்விட்டது. எல்லோருக்கும் தொடர்பு அறுந்தது. தூங்காதபடி மாற்றச் சொன்னேன். அடுத்து, விண்டோஸ் அப்டேட் போட்டுத் தானே ரீஸ்டார்ட் ஆனது. அதற்கும் அக்காவுக்குத்தான் திட்டு. அவர் டைப் அடித்துக் கொண்டிருக்கும்போது மற்றவர்கள் பெரிய ஃபைலைத் திறந்தால் அவருடையது திணறும். கம்ப்யூட்டர் தொங்கிப் போனால் மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துகொள்வார்கள். அவர் மட்டும் எழுந்து நின்று, "எல்லாரும் சேவ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். ஒருநாள் கேட்காமல் செய்துவிட்டார். அதற்கும் திட்டு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். மாமா வாரத்துக்கு ஒருமுறை போனில் சொல்வார். நான் அதை "யூசர் பிரச்சினை" என்று நினைத்துக்கொண்டேன். நம் துறையில் இந்த வார்த்தை ரொம்ப வசதியானது.

2024 டிசம்பர். மார்கழி மாதம் அச்சகத்துக்கு உச்ச சீசன். நாட்காட்டி ஒரு பக்கம், தை முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் ஒரு பக்கம். இரவு பத்து மணி வரை வேலை. ஒருநாள் காலையில் அக்காவின் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. டிஸ்கிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது நல்ல சத்தம் இல்லை. பழைய காலத்தில் ஃபைல்கள் நான்கு கம்ப்யூட்டரில் சிதறிக் கிடந்தன. இப்போது என் புண்ணியத்தில் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. காப்பி வேறெங்கும் இல்லை. ஏழு மாதத்து வேலையும், ஒழுங்காக அடுக்குகிறேன் என்று நான் அதற்குள் நகர்த்தி வைத்த பழைய டிசைன்களும் போயின.

மதுரையில் டிஸ்கிலிருந்து ஃபைல் மீட்டுத் தரும் கடையில் கொடுத்துப் பார்த்தார்கள். தேறவில்லை.

மீட்டது வாட்ஸ்அப். வாடிக்கையாளர்களுக்கு ப்ரூஃப் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அதைப் பார்த்து அக்கா மறுபடி டைப் அடித்தார். இரண்டு நாள் வீட்டுக்குப் போனதே பேருக்குத்தான். அப்படி அடித்ததில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் தப்பு நடந்தது. அந்த வீட்டார் நேரில் வந்து பேனாவால் ஒரு திருத்தம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் இருந்தது திருத்தத்துக்கு முந்தைய ப்ரூஃப். விடுபட்டது பெண்ணின் தாய்மாமன் பெயர்.

நம் ஊர் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விடுபட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 500 பத்திரிகை. பாதிக்கு மேல் ஊரில் கொடுத்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்று பேசிய பேச்சை மாமா இன்றைக்கும் மறக்கவில்லை. மாமா சொந்தச் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டே மாமா சாதாரணமாகச் சொன்னார். "அந்தப் பிள்ளை சம்பளத்துல மாசம் ஆயிரம் புடிக்கச் சொல்லிட்டேன். அவ கம்ப்யூட்டர், அவ பொறுப்பு. அன்னைக்கே ஒழுங்கா பாத்துருந்தா இப்படி ஆகுமா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அப்போது நான் சொன்னது என்ன தெரியுமா? "ஹார்டு டிஸ்க்னா அப்படித்தான் மாமா, எப்ப போகும்னு சொல்ல முடியாது." அவ்வளவுதான். அது பொய்யில்லை. ஆனால் உண்மையும் இல்லை. டிஸ்க் போவது யார் தப்பும் இல்லை. ஒரே டிஸ்கில் எல்லாவற்றையும் வைத்தது தப்பு. வைத்தது நான்.

மறுநாள் கடை லீவு. சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். அக்காவின் கம்ப்யூட்டரில் புது டிஸ்க் போட்டிருந்தார்கள். மறுபடியும் அதே மாதிரி, அதே "வேலைகள்" ஃபோல்டர். மானிட்டரில் "அணைக்கக் கூடாது" தாள் இன்னும் ஒட்டியிருந்தது. ஏதோ பார்ப்பதற்காக விண்டோஸில் பின்னணியில் ஓடும் சர்வீஸ் பட்டியலைத் திறந்தேன். வரிசையில் ஒரு பெயர் என்னைப் பார்த்துச் சிரித்தது. "சர்வர்." நிலை, ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்பாதவர்கள் உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஃபைலையும் பிரிண்டரையும் மற்றவர்களுக்குப் பங்கு கொடுக்கும் சர்வீஸுக்கு அங்கே வைத்திருக்கும் பெயரே சர்வர்தான். மற்றவர்களிடம் கேட்டு வாங்கும் சர்வீஸுக்குப் பெயர் ஒர்க்ஸ்டேஷன். இரண்டும் எல்லா விண்டோஸிலும் உண்டு. நான் ஏழு மாதத்துக்கு முன் "சர்வர் வேண்டாம்" என்று பெருமையாக முடிவெடுத்தபோது, சர்வரை இல்லாமல் ஆக்கவில்லை. அதை ஒரு ஆளின் மேசையில் வைத்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் போயிருக்கிறேன்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அக்கா, இனிமே கடை முழுக்க உங்க கம்ப்யூட்டர நம்பித்தான் ஓடும். ராத்திரியும் ஓடும். நின்னா உங்களைத்தான் கேப்பாங்க. கெட்டுப் போனாலும் உங்களைத்தான் கேப்பாங்க. அதுக்கு சம்பளம் கூட கிடையாது. சம்மதமா?" என்று கேட்டிருந்தால், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இது அச்சகத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பரவியதே, நினைவிருக்கிறதா? 150க்கும் மேற்பட்ட நாடுகள், பிரிட்டனில் பொது மருத்துவமனைகள் கூட முடங்கின. அது நுழைந்த ஓட்டை, விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைலைப் பங்கு போடும் அதே கதவின் பழைய வடிவத்தில்தான் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைத்து அப்டேட் கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு கதவு, ஆனால் பூட்ட வேண்டியது யார் என்று யாருக்கும் தெரியாது என்றால் இப்படித்தான்.

அப்படியானால் சர்வரே இல்லாத நெட்வொர்க் நடக்கவே நடக்காதா? நடக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. பாட்டு பரிமாறிக்கொள்ள 1999இல் வந்த நாப்ஸ்டரில் பாட்டு எல்லாம் மக்களின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. யாரிடம் எந்தப் பாட்டு என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில். 2001இல் நீதிமன்றத் தடைக்குப் பிறகு அந்தப் பட்டியலை நிறுத்தியதும் எல்லாம் நின்றது. அதே 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டாரண்டில் ஒரே ஃபைல் துண்டு துண்டாகப் பலரிடம் இருக்கும். வாங்கிக்கொண்டே கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. யாரிடம் எது என்ற பட்டியலையும் பின்னால் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் அணைத்துவிட்டுப் போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. காரணம், பாரமும் பங்கிடப்பட்டிருக்கிறது, காப்பியும் பல இடத்தில் இருக்கிறது.

நான் செய்தது இதில் எதுவும் இல்லை. சர்வர் இல்லாத நெட்வொர்க்கின் பெயரை எடுத்துக்கொண்டேன், அதன் விதியை எடுத்துக்கொள்ளவில்லை. சர்வரின் வேலையை வாங்கிக்கொண்டேன், சர்வருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்கவில்லை.

அன்று சாயந்திரம் மாமாவிடம் சொன்னேன். நெட்வொர்க் போட்டது தப்பு, போட்டவன் நான், அக்கா இல்லை. காப்பி எடுக்க ஏற்பாடு செய்யாதது நான். பணம் பிடிக்க வேண்டுமானால் என்னிடம் பிடியுங்கள் என்றேன். மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு வேலை. லீவு முடிய மூன்று நாள் இருந்தது. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து எடுத்தேன். மதுரையில் இரண்டு டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். லினக்ஸ் போட்டு, அதில் சாம்பா என்ற மென்பொருளை நிறுவினேன். சாம்பா 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் மாணவராக இருந்தபோது தொடங்கியது. லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் கண்ணுக்கு விண்டோஸ் சர்வர் மாதிரியே காட்டும். இலவசம். இரண்டு டிஸ்கிலும் ஒரே விஷயம் எழுதப்படும், ஒன்று போனால் மற்றது ஓடும்.

ஆனால் அது காப்பி ஆகாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். யாராவது ஃபைலை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். அதனால் தனியாக இரண்டு வெளி டிஸ்க். ஒவ்வொரு இரவும் ஒன்றில் காப்பி ஆகும். சனிக்கிழமை அதைக் கழற்றி மாமா வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருப்பதைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். தீப்பிடித்தாலும் திருட்டுப் போனாலும் ஒன்று தப்பிக்கும். இந்த வெளி டிஸ்க்குகளை லினக்ஸ் மட்டும் படிக்கும்படி வைக்காமல் விண்டோஸ் படிக்கும்படி ஃபார்மட் செய்தேன். நாளைக்கு சர்வர் செத்து, நானும் பரீட்சை ஹாலில் இருந்தால், அக்காவே அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி வேலையைத் தொடர வேண்டும். எப்படி மாட்டுவது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி சுவரில் ஒட்டினேன். ஆளுக்கொரு பாஸ்வேர்டு. இப்போது பட்டியல் ஒரே இடத்தில், எனவே இருபத்தைந்து இல்லை, ஐந்துதான். ஒரு பழைய பத்திரிகையை வேண்டுமென்றே அழித்து, வெளி டிஸ்கிலிருந்து திரும்ப எடுத்துக் காட்டினேன். திரும்ப எடுத்துப் பார்க்காத காப்பி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, முன்னால் நாற்காலி கிடையாது. மாடிப்படிக்குக் கீழே யுபிஎஸ்ஸோடு உட்கார்ந்திருக்கிறது. கடையில் அதன் பெயர் "மாடிப்படி". "மாடிப்படில பாரு, இருக்கும்" என்கிறார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியபோது மற்ற கம்ப்யூட்டர்களை மாமா ஒவ்வொன்றாக மாற்றினார். ஃபைல் எதுவும் அவற்றில் இல்லாததால் ஒருநாள் வேலை கூட நிற்கவில்லை.

நீங்களும் எங்காவது சின்ன நெட்வொர்க் போடப் போகிறீர்கள் என்றால், எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணுவதற்கு முன் என் அனுபவத்தில் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. எந்த ஒரு கம்ப்யூட்டரை அணைத்தால் மற்றவர்களின் வேலை நிற்கும்? அதுதான் உங்கள் சர்வர். நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் சரி.

2. அதன் முன்னால் யாராவது உட்கார்ந்து வேறு வேலை பார்க்கிறார்களா? ஆம் என்றால், அவரை எழுப்பாதீர்கள், சர்வரை எழுப்புங்கள்.

3. அதில் இருப்பது வேறெங்கே இருக்கிறது? பதில் வரத் தாமதமானால் எங்கேயும் இல்லை என்று அர்த்தம்.

இரண்டு பேர் ஒரு பிரிண்டரைப் பங்கு போட மட்டும் என்றால் சர்வர் தேவையே இல்லை. நான் அதற்கு எதிரி இல்லை. நடுவில் போட்ட அந்தக் கோடு தப்பில்லை. அதில் "பொறுப்பு யாருடையது" என்று ஒரு வரி இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

கடை திறந்த அன்று எல்லோருக்கும் மாடிப்படியைக் காட்டிவிட்டு, அக்காவிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் எதுவும் வரவில்லை. "அக்கா, அது என் தப்புக்கா, உங்க தப்பு இல்ல. மாமாகிட்ட சொல்லிட்டேன்" என்றேன். பிடித்த ஆயிரத்தை மாமா அன்று காலையே கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார் போல. கவர் மேசை மேல் இருந்தது.

அக்கா என்னைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் மெதுவாக உரித்து எடுத்தார். கோந்து காய்ந்து பாதிதான் வந்தது.

"அப்ப, சாயந்திரம் நான் என் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டுப் போலாமா தம்பி?" என்றார்.